இருபதடித் தெருவில் ஆம்புலன்ஸ் நின்ற இடம்

சென்னையின் தென்புறநகர் ஒன்றில், ஒரே தெருவில், 2022 ஐப்பசியில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்தவற்றின் பதிவு இது. அப்போது நான் அந்தத் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். நடந்த தவறுகளில் ஒன்று என் கையெழுத்தோடு நடந்தது. அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஆட்களின் பெயரும் தெருவின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. கடற்கரை – தாம்பரம் ரயில் பாதையை ஒட்டிய எந்தப் பகுதியிலும் இப்படி நான்கு தெருக்கள் இருக்கும்.

பின்னணி

தெரு கிழக்கு மேற்காக 170 மீட்டர் நீளம். கிழக்கு முனை பஸ் போகும் பெரிய சாலையில் சேர்கிறது. மேற்கு முனையில் ரயில்வே மதில். மதிலோரமாக ஆறடிச் சந்து ஒன்று ஸ்டேஷனுக்குப் போகிறது. அதில் ஆள் நடக்கலாம், ஸ்கூட்டர் போகலாம், கார் போகாது. ஆகவே நான்கு சக்கரம் உள்ள எதுவும் கிழக்கே நுழைந்து கிழக்கேதான் வெளியேற வேண்டும்.

இரு பக்கமும் சேர்த்து 28 மனைகள். பெரும்பாலும் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி. முதலில் குடிவந்தவர்கள் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ரயில்வேக்காரர்களும். முன்னால் தென்னை, பின்னால் கிணறு, திண்ணையோரம் ஒரு சைக்கிள் என்று இருந்தவர்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் தங்கிவிட்ட பிறகு, 2000க்கு அப்புறம், வீடுகள் ஒவ்வொன்றாக பில்டர் கைக்குப் போயின. இப்போது 9 மனைகளில் ஃபிளாட்டுகள். தரைத்தளத்தில் தூண்களை மட்டும் நிறுத்திக் கார்களுக்கு விடும் ‘ஸ்டில்ட்’ எல்லாவற்றிலும் உண்டு. மற்றவை தனி வீடுகள். ஆக மொத்தம் ஏறத்தாழ 70 குடும்பங்கள். அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவு வாடகைக்கு இருப்பவை.

மனைப்பிரிவு வரைபடத்தில் தெருவின் அகலம் 20 அடி, அதாவது 6.1 மீட்டர். நடைமுறையில் அந்த இருபதடி எங்கும் கிடையாது. காரணம் வெள்ளம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு ஏற்கெனவே உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குள் போயிருந்தன. 2015 டிசம்பரில் கூடத்துக்குள் தண்ணீர் வந்ததும், வசதி இருந்தவர்கள் எல்லாம் தரையையும் வாசலையும் உயர்த்திக் கட்டினார்கள். உயர்ந்த வாசலுக்கு வண்டி ஏற நீண்ட சாய்தளம் வேண்டும். அந்தச் சாய்தளம் தெருவுக்குள்தான் இறங்கும். 28 மனைகளில் 23க்கு இப்படிச் சாய்தளம் இருந்தது. குறைந்தது இரண்டடி, சிலவற்றில் நான்கடி. தண்ணீருக்குப் பயந்து ஏறிக்கொண்ட ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அப்போது யாரும் இதை ஆக்கிரமிப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, என் வீட்டுச் சாய்தளம் மூன்றடி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவின் முதல் ஃபிளாட்டுகள் கட்டப்பட்ட காலத்தில் கார் என்றால் மாருதி 800. நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.44 மீட்டர். ஸ்டில்ட்டில் தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி விட்டது அந்தக் காரை மனத்தில் வைத்து. இன்று அதே தூண்களுக்கு இடையே 1.8 மீட்டர் அகல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஓட்டுபவர் கதவைத் திறந்து இறங்க முடியாது.

அந்த இரவு

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், இரவு ஏறத்தாழ ஒன்பது மணி. மேற்கு முனையை அடுத்த வீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகன் 108க்குப் போன் செய்தார். வண்டி விரைவாகவே வந்தது. தெருவுக்குள் நுழைந்து, பாதி தூரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் நின்றுவிட்டது.

டிரான்ஸ்ஃபார்மர் தெற்குப் பக்கம். அதற்கு நேர் எதிரே, வடக்குப் பக்கத்துச் சாய்தளத்தை ஒட்டி, ஒரு கார் நின்றிருந்தது. டிரைவர் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடிகளை மடக்கினார். காரின் கண்ணாடியையும் மடக்கிப் பார்த்தார். ஒரு கையகலம் போதவில்லை. காரின் உரிமையாளர் கல்யாண வரவேற்பு ஒன்றுக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. நான்கைந்து பேர் காரைத் தூக்கி நகர்த்தப் பார்த்தோம். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. கடைசியில் ஸ்ட்ரெச்சரை எண்பது மீட்டர் உருட்டிக்கொண்டு போனோம். சாய்தளங்களின் விளிம்பில் சக்கரம் இடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் குடை பிடித்தார்கள். குடை அவருக்கு உதவியதா என்று தெரியவில்லை.

இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை நடந்தது, பிழைத்தார். இன்று வாக்கர் பிடித்து நடக்கிறார்.

மறுநாள் காலையிலேயே தெரு முழுவதும் ஒரே பேச்சு: “எல்லாம் இந்த ஸ்டேஷன் வண்டிகளால்.” சந்து வழியாக ரயிலைப் பிடிக்க வருபவர்கள் தினமும் எங்கள் தெருவில் ஸ்கூட்டரையும் பைக்கையும் நிறுத்திவிட்டுப் போவார்கள். வாசலை மறிப்பது, கேட்டைத் திறக்க முடியாமல் செய்வது என்று அவர்கள் மேல் பல வருடக் கோபம் இருந்தது. ஆம்புலன்ஸை மறித்தது காரா ஸ்கூட்டரா, யாருடையது என்ற கேள்வியை அந்த வாரம் ஒருவரும் எழுப்பவில்லை.

முதல் முடிவு

மூன்றாம் நாள் சங்கத்தின் செயற்குழு அவசரமாகக் கூடியது. வந்தவர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் சொந்த வீட்டுக்காரர்கள். எடுத்த முடிவு இரண்டு. ஒன்று, ஒவ்வொரு வாசலிலும் கல்லோ மண் நிரப்பிய பெயின்ட் டப்பாவோ பூந்தொட்டியோ வைத்து இடத்தை மறிப்பது. இரண்டு, தெருவின் இரு முனையிலும் பலகை: ‘வெளியார் வாகனங்கள் நிறுத்தக் கூடாது. மீறினால் காற்று இறக்கப்படும்.’ அந்த இரண்டாவது வாக்கியம் வெறும் மிரட்டலாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் போட்டோம். கையெழுத்து என்னுடையது.

மிரட்டல் என்று எழுதுபவனுக்குத் தெரியும். படிக்கிற பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து ஓர் இரவு, ரயிலிலிருந்து இறங்கி வந்த செவிலியர் ஒருவர் தன் ஸ்கூட்டரின் இரண்டு டயரிலும் காற்று இல்லாமல் நிற்பதைப் பார்த்தார். மணி பத்தே கால். பங்க்சர் கடை மூடியாகிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் தனியாகத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனார்.

எங்களை அழைத்து விசாரித்த அதிகாரி குரலை உயர்த்தவில்லை. தெரு மாநகராட்சிக்குச் சொந்தம், அதில் இடம் பிடித்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை என்றார். பிறர் வாசலை மறித்து நிறுத்தினால் அது மோட்டார் வாகன விதிகளின்படி தவறு, அதற்குப் புகார் கொடுக்கலாம். டயரைத் தொடுவது வேறு குற்றம் என்றார். பிறகு எங்கள் புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டே, “ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்று சொல்கிறீர்கள். நீங்களே தெரு முழுக்கக் கல் போட்டு வைத்திருக்கிறீர்களே சார்” என்றார். எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நானும் சங்கத்துப் பெண்கள் இருவரும் அந்தச் செவிலியரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். காப்பி கொடுத்தார். “காற்றை அடைத்துக்கொள்ளலாம் சார். அந்த ராத்திரி ரோட்டில் நடந்து வந்ததை என்ன செய்வது?” என்றார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பலகையையும் கல்லையும் அன்றைக்கே எடுத்தோம்.

எண்ணிப் பார்த்தது

எண்ணிப் பார்க்கலாம் என்ற யோசனை எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவருடையது. யார்டில் சரக்கு வாகன்களின் எண்களைக் குறித்துக்கொள்வதே முப்பது வருட வேலையாக இருந்தவர். “யார் வண்டி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதைப் பேசினாலும் அது வாய்ச்சண்டைதான்” என்றார். டிசம்பர் இரண்டாம் வாரம் மாண்டஸ் புயலால் தள்ளிப்போய், 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த மூன்று வேலை நாட்களும் எண்ணினோம். அவரும், பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தியும், நானும். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கோடு போட்ட நோட்டில் பதிவெண்ணின் கடைசி நான்கு எண், நிற்கும் வீட்டின் கதவு எண், பக்கம். தெருக்காரர்களின் வண்டி எண்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம்.

பகலில் தெருவின் பேச்சு சரியாகவே இருந்தது. புதன்கிழமை முற்பகலில் நின்ற 37 இருசக்கர வண்டிகளில் 29 வெளியாருடையவை. கார்கள் எட்டு, அவற்றில் இரண்டு மட்டும் வெளியார். இரவு பத்து மணிக்கு நோட்டின் பக்கம் தலைகீழாக இருந்தது. இருசக்கர வண்டிகள் 12, வெளியார் மூன்று. கார்கள் 24. இருபத்து நான்கும் எங்களுடையவை. ஆம்புலன்ஸ் வந்து நின்றது இரவு ஒன்பது மணிக்கு என்பதை நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம் என்று நினைக்கிறேன். அன்று மறித்து நின்ற காரின் எண்ணும் பட்டியலில் இருந்தது. அந்த வீட்டுக்காரர்தான் செயற்குழுவில் ஸ்டேஷன் வண்டிகளைப் பற்றி அதிகம் பேசியவர்.

அப்போது மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலை ஆறு மணிச் சுற்றில் ஒரு வாசலில் கண்டதைக் குறிப்பிட வேண்டும். இரவில் யாரோ நிறுத்திவிட்டுப் போன கார் வாசலில் பாதியை மறைத்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி பதினைந்து புள்ளிக் கோலத்தைத் தொடங்கி, டயர் வரை வந்து, டயரைச் சுற்றி இழையை வளைத்துக்கொண்டு போய் மறுபக்கம் முடித்திருந்தார். வண்டியின் அடியிலும் கை எட்டியவரை நான்கு புள்ளிகள். “கார் போன பிறகு மிச்சத்தைப் போடுவேன்” என்றார். அது பத்து மணிக்குத்தான் போனது.

அதே வாரத்தில், தெருவில் வண்டி இல்லாத விடியற்காலை நேரம் பார்த்து டேப்பால் அளந்தோம். டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கும் எதிர்ச் சாய்தளத்தின் விளிம்புக்கும் இடையே 3.9 மீட்டர். அங்கே ஒரு கார் கண்ணாடியோடு சேர்த்து 1.9 மீட்டர் எடுத்துக்கொண்டால் மிச்சம் 2 மீட்டர். வேன் வகை ஆம்புலன்ஸின் உடல் அகலமே ஏறத்தாழ அவ்வளவு. தண்ணீர் லாரிக்கு 2.5 மீட்டர் வேண்டும். கோடைக்காலத்தில் லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் அவருடைய குணம் என்று நினைத்திருந்தோம்.

கடைசியாக, ஸ்டில்ட்டுகள். ஒன்பது ஃபிளாட்டுகளிலும் காகிதப்படி 38 கார்களுக்கு இடம். கார் நின்றது 25இல். மற்ற 13இல் என்ன இருந்தது? கால் உடைந்த கட்டில், பழைய ஏசியின் கூடு, தண்ணீர்க் கேன் அடுக்கு, மிச்சமான டைல்ஸ் பெட்டிகள், ஒரு திருமணத்தில் மீந்த வாழைமரக் கம்புகள், ஓரிடத்தில் தடுப்புப் போட்டு நடந்த மாலை டியூஷன். சில இடங்களில் சாமான் இல்லை, சங்கடம் இருந்தது: ஒரு காருக்குப் பின்னால் இன்னொன்று நிறுத்தும்படி இடம் பிரித்திருந்ததால், பின்னால் இருப்பவர் காலை ஆறு மணிக்கு முன்னால் இருப்பவரை எழுப்ப வேண்டும். எழுப்பக் கூச்சப்பட்டு ஒருவர் தெருவிலேயே விட்டுவிடுவார்.

வண்டி நிறுத்த வந்தவர்களிடம் பேசியது

ஒரு நாள் காலை ஏழரை முதல் ஒன்பது வரை நாங்கள் சந்து முனையில் நின்று, வண்டி நிறுத்துபவர்களிடம் பேசினோம். பாதிப் பேர் ரயிலைப் பிடிக்கும் ஓட்டத்தில் நிற்கவில்லை. நின்றவர்களில் சிலர் ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தத்தான் இங்கே வந்தார்கள். அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் எட்டரைக்கு மேல் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: ஸ்டாண்ட் அதற்குள் நிரம்பிவிடுகிறது. ஒருவர், “வாசலை மறிக்க எனக்கு மட்டும் ஆசையா சார்? எங்கே நிறுத்தலாம் என்று ஓர் இடம் காட்டுங்கள், அங்கேயே நிறுத்துகிறேன்” என்றார். இடம் காட்டுவது என்ற எண்ணமே அதுவரை எங்களுக்கு வரவில்லை.

கூட்டமும் தீர்மானங்களும்

2023 ஜனவரி 8, ஞாயிறு மாலை, மொட்டை மாடி ஒன்றில் பொதுக்கூட்டம். நோட்டைப் படித்துக் காட்டினேன். பெயரோ வண்டி எண்ணோ சொல்லவில்லை. ஆம்புலன்ஸை மறித்தவர் அன்று வந்திருந்தார். இரவு எண்ணிக்கையைப் படித்தபோது எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. கடைசியில், “என் ஸ்டில்ட்டில் மாமியார் வீட்டுப் பீரோ இருக்கிறது, அதை எடுத்துவிடுகிறேன்” என்று மட்டும் சொன்னார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைய கூட்டம் உருப்பட்டதற்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய காரணம்.

முதல் தீர்மானம், தெருவில் ஒரே பக்கம்தான் கார். எந்தப் பக்கம் என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. வடக்குப் பக்கம் 14 கார்கள் நிற்கும். தெற்கில் டிரான்ஸ்ஃபார்மரும் மின்கம்பங்களும் போக 12தான். கணக்குப்படி வடக்கே சரி. வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் “எங்கள் வாசல் மட்டும் என்ன பொதுச்சொத்தா?” என்று எழுந்தார்கள். மாதாமாதம் மாற்றலாம் என்றால் யாருக்கும் நினைவிருக்காது. அப்போது ரயில்வேக்காரர், “அயனத்துக்கு ஒரு பக்கம் வையுங்கள்” என்றார். தை முதல் ஆனி வரை தெற்கு, ஆடி முதல் மார்கழி வரை வடக்கு. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது தெற்கோரம் என்பதால் இது பொருந்தியும் வந்தது. உடனே வடக்கு வரிசைப் பெண்களிடமிருந்து கேள்வி: அப்படியானால் மார்கழி எப்போதும் எங்கள் தலையிலா, கோலம் எங்கே போடுவது? நியாயமான கேள்வி. எந்தப் பக்கமானாலும் ஒவ்வொரு வாசலுக்கும் நேரே எட்டடி காலியாக விடுவது என்று சேர்த்துக்கொண்டோம். 14, 12 என்ற எண்ணிக்கை அந்த எட்டடியைக் கழித்துப் போட்டதுதான்.

டிரான்ஸ்ஃபார்மர் முன் இரு பக்கமும் எந்த நாளும், ஐந்து நிமிடத்துக்குக்கூட, வண்டி நிற்கக் கூடாது. இதில் விவாதமே இல்லை.

இரண்டாவது, ஸ்டில்ட். 24 கார்களில் 12 தெருவில் என்றால் மற்ற 12க்கு உள்ளே இடம் வேண்டும். அடைபட்டுக் கிடந்தவை 13. போகிக்குள் காலி செய்வது என்று தேதி குறித்தோம். அதற்கு ஆறு நாள்தான் இருந்தது. இங்கே ஒரு சட்டச் சிக்கலும் எழுந்தது. “இந்த இடத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன், இதில் நான் கட்டிலும் வைப்பேன், கல்லும் வைப்பேன்” என்றார் ஒருவர். திறந்த இடத்தையும் ஸ்டில்ட்டையும் பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் மும்பை வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்டை வீட்டுக்காரரோடு வாதாட நான் விரும்பவில்லை. அந்த ஃபிளாட்டின் நான்கு இடங்களை விட்டுவிட்டோம்.

மூன்றாவது, ஸ்டேஷன் வண்டிகள். மேற்கு முனையில் ரயில்வே மதிலை ஒட்டி எந்த வீட்டு வாசலும் இல்லை. அங்கே 18 இருசக்கர வண்டிகள் நிற்கும். அதை ஒட்டிய காலிமனையின் உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். மின்னஞ்சல் அனுப்பியதும், கட்டடம் தொடங்கும்வரை பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்தார். பணம் வாங்குவதா என்று கேள்வி வந்தபோது வேண்டாம் என்றோம். வாங்கினால் அது தொழில்; தொலைந்த ஹெல்மெட்டுக்கும் நாம் பொறுப்பாவோம்.

நான்காவது, விண்ணப்பம். அதற்கு முந்தைய நவம்பர் 1 அன்றுதான், உள்ளாட்சி நாளில், தமிழ்நாட்டில் முதன்முறையாக ஏரியா சபைக் கூட்டங்கள், அதாவது நகரத்து வார்டு மக்கள் தங்கள் பகுதியின் குறைகளைச் சொல்லும் கூட்டங்கள், நடந்திருந்தன. அடுத்த கூட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மர் முன் அதிகாரபூர்வமான தடைக்கோடு கேட்பது என்று முடிவானது.

கூட்டத்தில் ஒருவர் ஜப்பானில் வேலை பார்த்தவர். அங்கே நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் கார் வாங்க முடியும், 1962இலேயே அப்படிச் சட்டம் வந்துவிட்டது என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த வாரம்தான் அவர் இரண்டாவது காருக்கு முன்பணம் கட்டியிருந்தார்.

தொடர்ந்து நடந்தவை

போகி முந்தின நாள் பழைய சாமான் வாங்குபவர் ‘குட்டி யானை’ வண்டியோடு வந்து மூன்று நடை ஏற்றிப் போனார். பீரோவும் போயிற்று. 9 இடங்கள் காலியாயின. மிஞ்சிய மூன்று கார்களில் இரண்டு, காரை விற்றுவிட்டுப் போர்ட்டிகோவைக் காலியாக வைத்திருந்த முதியவர்கள் வீட்டில் மாத வாடகைக்குப் போய் நின்றன. மூன்றாவது சில மாதம் அடுத்த தெருவில் நின்று அங்கே சண்டையைக் கிளப்பியது. எங்கள் பிரச்சினையில் ஒரு பகுதியை அண்டைத் தெருவுக்கு ஏற்றுமதி செய்தோம் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

தை முதல் நாள் நாங்களே சுண்ணாம்பால் கோடு போட்டோம். சாலையில் தனியார் கோடு போடக் கூடாது என்று மாநகராட்சிப் பொறியாளர் சொன்னதும் அழித்துவிட்டு, அவரவர் மதில் சுவரில் சிறு மஞ்சள் தகடு அடித்துக்கொண்டோம். தண்ணீர் லாரி டிரைவரைக் கேட்டுக்கொண்டு ஒரு முறை மேற்கு முனை வரை ஓட்டிப் பார்த்தோம். ஹாரன் அடிக்காமல் போய்த் திரும்பினார். அதற்குப் பிறகு லாரி வருவதற்கும் நேரம் குறித்தோம்: காலை ஐந்தரைக்குள்.

இரண்டு மாதத்தில் விதி இளகத் தொடங்கியது. மீறியவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள். கேட்கப் போனபோது ஓர் இளைஞர், “கூட்டம் நடந்ததே எங்களுக்குத் தெரியாது சார். எங்களைக் கேட்டீர்களா?” என்றார். கேட்கவில்லை. அழைப்பு போனது சங்க உறுப்பினர்களுக்கு, உறுப்பினர்கள் எல்லாம் உரிமையாளர்கள். ஏப்ரலில் வீட்டுக்கு ஒருவர் என்று எல்லோரையும் அழைத்து மறுபடியும் பேசினோம். கேள்வி கேட்ட இளைஞரே பக்கம் மாறும் நாளை நினைவூட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முதல் கூட்டத்தில் நாங்கள் போட்ட ஒரு விதியை அவர்கள் மாற்றவும் செய்தார்கள்: இரவு பன்னிரண்டுக்கு மேல் வேலை முடிந்து வருபவர்களுக்குக் கிழக்கு முனையில் இரண்டு இடம் ஒதுக்கப்பட்டது.

2023 ஆகஸ்டில் நள்ளிரவு நெஞ்சுவலி கண்ட ஒருவருக்காக ஆம்புலன்ஸ் வந்தது. தடையில்லாமல் வாசல் வரை வந்தது. அவர் மறுநாள் மருத்துவமனையில் காலமானார். வண்டி வாசல் வரை வந்தது என்பதை மட்டும்தான் இந்தப் பதிவில் நான் கணக்கு வைக்க முடியும்.

அந்த ஆண்டு டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். நாங்கள் எதிர்பாராதது அப்போது நடந்தது. தெரு உயர்ந்திருந்ததால் அதன் நடுப்பகுதியில் கணுக்கால் அளவு தண்ணீர். பள்ளத்தில் இருந்த பழைய ஸ்டில்ட்டுகளில் முழங்காலுக்கு மேல். சங்கத்தின் சொல் கேட்டு உள்ளே நிறுத்திய நான்கு கார்களின் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிற்று. வடக்கோரம் தெருவில் நின்றவை தப்பின. “உங்கள் விதியால் எனக்கு இவ்வளவு செலவு” என்று சொன்னவருக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நான்கும் மழைக்காலம் முழுவதும் தெருவுக்கே திரும்பின. அடுத்த ஆண்டிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் ஸ்டில்ட் விதி தளர்த்தப்படும் என்று எழுதிக்கொண்டோம்.

காலிமனை பதினைந்து மாதம் உதவியது. 2024 ஏப்ரலில் அங்கே கட்டட வேலை தொடங்கியது. நான்கு மாடி, கீழே ஸ்டில்ட். மதிலோரம் 18 வண்டிகள் இன்றும் நிற்கின்றன. அதற்கு மேல் வருபவை எங்கே போகின்றன என்று நாங்கள் பின்தொடரவில்லை. செவிலியரின் ஸ்கூட்டர் மதிலோரத்தில் முதல் இடத்தில் நிற்கும். யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. அதிகாலை ரயிலுக்கு அவர்தான் முதலில் வருகிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியிருந்தவை

எண்ணுவதை அந்த இரவுக்கு மறுநாளே தொடங்கியிருக்க வேண்டும். நான்கு நாள் வேலை அது, செலவு ஒரு நோட்டு. அதைச் செய்திருந்தால் பலகை எழுதியிருக்க மாட்டோம். வாடகைக் குடும்பங்களை முதல் கூட்டத்துக்கே அழைத்திருந்தால் இரண்டு மாதச் சண்டை மிச்சம். ஸ்டில்ட்டுக்குள் போகச் சொல்லும் முன் எந்த ஸ்டில்ட் எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். 2015இல் தண்ணீர் ஏறிய அடையாளம் தூண்களிலேயே இருந்தது. இதைப் பார்க்கத் தவறியது என் பிழைகளில் இரண்டாவது.

தடைக்கோட்டு விண்ணப்பத்தை ஏரியா சபையில் இருமுறை கொடுத்திருக்கிறோம். எதிர்த்து நின்ற ஃபிளாட்டின் நான்கு இடங்கள் இன்னும் கட்டிலோடும் டைல்ஸ் பெட்டிகளோடும் இருக்கின்றன.

நாங்கள் தொடாமலே விட்டது சாய்தளங்களை. 2024 அக்டோபர் நடுவில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் தென்சென்னைக்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் தெருவின் கார்களும் அன்று உயரமான இடம் தேடிப் போய்விட்டன. பல வருடங்களுக்குப் பிறகு தெரு ஓர் இரவு முழுவதும் காலியாக இருந்தது. ரயில்வேக்காரர் குடையோடு வந்து, “டேப் இருக்கிறதா தம்பி?” என்றார். டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் மறுபடியும் பிடித்துப் பார்த்தோம். 3.9 மீட்டர். எதிர் வீட்டுச் சாய்தளத்தின் விளிம்பில் புதிதாகச் சிமென்ட் பூசியிருந்தது.